உப்புக்காற்று ஊரில் ஹாட் ராட் கட்டுகிறவர்களுக்கு: சேஸுக்கு எந்த இரும்பு?

வீட்டிலேயே கட்டிய என்னுடைய முதல் ஹாட் ராட் காரின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, போன ஆனி மாதம் கட்டிங் வீல் போட்டு அறுத்தேன். வலது பக்க ரெயிலில் (சேஸில் நீளவாக்கில் ஓடும் முக்கியச் சட்டம்), எஞ்சின் மவுண்டுக்கு ஒரு சாண் பின்னால் வீல் இறங்கியதும் குழாய்க்குள்ளிருந்து கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது, அரை டம்ளர் இருக்கும். அறுத்த துண்டைத் தரையில் தட்டத் தட்டச் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டிக்கொண்டே இருந்தது. வெளியே அடித்த கறுப்பு பெயின்ட் மட்டும் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் என்று சொல்லித் தந்த தகடு, கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில், மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தச் சேஸ் பார்த்தது மூன்றே மூன்று வருடம்.

அதைக் கட்டும்போது நான் தலையை உடைத்துக்கொண்டதெல்லாம் எந்த கிரேடு, எந்த பிராண்டு என்பதில்தான். தகடு எவ்வளவு கனம், அதை நான் ஒழுங்காகப் பற்றவைப்பேனா, உள்ளே காற்று போகுமா என்ற மூன்றையும் யோசிக்கவே இல்லை. இப்போது இரண்டாவது சேஸ் கட்டி முடித்திருக்கிறேன். தோப்புக்குள் வந்து பார்க்கிற தம்பிமார் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, என்ன மெட்டீரியல் வாங்கணும்?" என்பதுதான். அதற்கான பதிலை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. புது வண்டி என்றே பதிவு செய்யப் போனால் ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை நிலையத்தின் அங்கீகாரம் வேண்டும், அது வீட்டில் ஒரு வண்டி கட்டுகிறவனால் ஆகிற காரியம் இல்லை. அதனால் நான் சொல்வது சொந்தத் தோப்பிலும் தனியார் இடத்திலும் ஓட்டுவதற்கும் கண்காட்சிக்கும் கட்டுகிற வண்டிக்கு. பாஹா என்ற காலேஜ் வண்டிப் போட்டிக்குக் கட்டும் பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், ஆனால் அவர்களுக்கு விதிப்புத்தகம்தான் கடைசி வார்த்தை: முதன்மைக் குழாய்க்கு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தகடு, குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் என்று அதிலேயே இருக்கிறது, அல்லது அதற்கு ஈடானது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பழைய ஜீப் சேஸை எடுத்து வேலை செய்கிறவர்கள் சேஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரைக் கொண்டே போகாதீர்கள்.

ஹாட் ராட் என்பது 1930-களில் தெற்கு கலிபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை வாங்கி, மட்கார்டையும் மேல்கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினைக் கூட்டி, முரோக் மாதிரியான வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டியதில் பிறந்தது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்த 1932 ஃபோர்டின் ரெயில், ஒரு பக்கம் திறந்த சேனல் வடிவம். வீ8 எஞ்சினைப் போட்டு முறுக்கியபோது அந்தச் சேனல் முறுகியது, அதனால் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பற்றவைத்தார்கள். 'பாக்ஸிங்' என்று அதற்குப் பெயர். ஏன் மூட வேண்டியிருந்தது என்பது புரிந்துவிட்டால் மெட்டீரியல் விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

புரிய ஒரு வழி இருக்கிறது. எலெக்ட்ரிக் வேலைக்கு வாங்கும் பி.வி.சி. குழாயில் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, அறுத்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். கையிலேயே வழுக்கிக்கொண்டு திரும்பும், அறுத்த விளிம்பு ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் அதேதான், கனமும் அதேதான், போனது ஒரு கோடு மட்டும். இரும்பிலும் இதுதான் நடக்கிறது. 100-க்கு 50 அளவில் 3 மி.மீ. தகட்டில் மூடிய டியூபையும், அதே அளவு, அதே கனத்தில் ஒரு பக்கம் திறந்த சேனலையும் ஏட்டுக் கணக்கில் வைத்தால், முறுக்குக்கு எதிரான விறைப்பில் டியூப் நானூறு மடங்குக்கு மேல் நிற்கிறது. சேனலின் முனைகளை குறுக்குச் சட்டத்தில் பிடித்துவிட்டால் வித்தியாசம் குறையும்தான், ஆனாலும் சேனல் சேனல்தான். ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸுக்கு வருவது முறுக்கு. அதனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் மூடிய டியூப் வாங்குங்கள். பழைய ஜீப் சேனலில் வேலை செய்கிறவர்கள் பாக்ஸிங் செய்துகொள்ளுங்கள், ஆனால் ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் ரெயில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் இங்கே, அப்புறம் ஒரு முழம் தள்ளி மூன்று சென்டிமீட்டர், ஆறவிட்டு மறுபடி என்று தாவித் தாவிப் போக வேண்டும்.

அம்பாசடரிலிருந்தோ பத்மினியிலிருந்தோ சேஸ் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இரண்டு வண்டியும் பாடியே சேஸாக இருக்கிற மோனோகாக். கழற்றுவதற்குத் தனி ஏணிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எடுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, டியூப் என்று முடிவாகிவிட்டது. எந்த இரும்பில்?

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இரும்பு), டி.ஓ.எம்., சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்று பெயர்கள் அடுக்கப்படும். ஆனால் இரும்பு எந்த வகையானாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், யங் மாடுலஸ் சுமார் 200 கிகாபாஸ்கல். நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கிய குழாயும் அதே அளவில், அதே கனத்தில் இருந்தால் அதே பாரத்துக்கு அதே அளவுதான் வளையும். கூடுதலாகக் கிடைப்பது, நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்கும் பலம். ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் வரும் ஈ250 தகடு 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும், ஐ.எஸ். 4923-இல் வரும் ஹாலோ செக்‌ஷனில் ஒய்.எஸ்.டி. 310 கிரேடு 310 வரை தாங்கும், 4130 என்கிற குரோமோலி 400-க்கு மேல் போகும். இதைப் பார்த்ததும் குரோமோலிதான் என்று தோன்றும். ஆனால் வீட்டில் கட்டிய சேஸில் விரிசல் விழுவது பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான். திரும்பத் திரும்ப ஆடுகிற பாரத்தில், பற்றவைத்த மூட்டின் ஆயுசு அடியில் இருக்கிற இரும்பு எவ்வளவு பலம் என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. மூட்டின் வடிவமும் வெல்டின் ஓரமும் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. 4130-இன் கூடுதல் பலத்தைக் காசாக்க வேண்டுமானால் தகட்டை மெலிதாக்கி எடையைக் குறைக்க வேண்டும், மெலிதாக்கினால் டிக் வெல்டிங் நன்றாகக் கை வந்திருக்க வேண்டும், பற்றவைத்த இடம் மெதுவாக ஆற வேண்டும். காற்று வீசுகிற திண்ணையில் வைத்து அதைச் செய்தால் வெல்டுக்குப் பக்கத்தில் இரும்பு கடினமாகி, கண்ணாடி மாதிரி விரிசல் விடப் பார்க்கும். ரேஸ் வண்டிக்காரர்களுக்கு அது சரி. தென்னந்தோப்பில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

டி.ஓ.எம். என்பது இரும்பின் பெயரே இல்லை, குழாய் செய்கிற முறை. பற்றவைத்த குழாயை உள்ளே ஒரு மாண்ட்ரல் கொடுத்துக் குளிர்நிலையில் இழுப்பார்கள், அதனால் அளவு துல்லியமாகவும் உட்புறம் வழவழப்பாகவும் வரும். ரோல் பாருக்கும் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு) சஸ்பென்ஷன் கைகளுக்கும் அது கிடைத்தால் வாங்குங்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால், ஐ.எஸ். 3074 என்று எழுதிய வாகனக் குழாய் கேட்டு வரவழையுங்கள். ரெயிலுக்கு இது எதுவும் தேவையில்லை.

ரெயிலுக்கு நான் வாங்கச் சொல்வது ஐ.எஸ். 4923 முத்திரை உள்ள எம்.எஸ். ரெக்டாங்குலர் டியூப், 100-க்கு 50, தகடு 3 மி.மீ. கடையில் 'நாலுக்கு ரெண்டு' என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் வீட்டில் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பதும் இதே அளவுதான், நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், அங்குலத்தில் 0.120 கனம், அதாவது 3 மி.மீ.-க்கு ஒரு மயிரிழை மேலே. மாருதி 800 எஞ்சின் மாதிரி லேசானது போட்டு, வண்டியும் சின்னதாக இருந்தால் 2.5-இல் கட்டிவிடலாம் என்பார்கள், கணக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் கடலோரத்தில் அரை மில்லிமீட்டர் என்பது பலத்துக்காக மட்டும் இல்லை, துரு தின்பதற்கென்று ஒதுக்கி வைப்பதும்தான், அதனால் 3-க்குக் கீழே நான் போக மாட்டேன். பழைய டீசல் எஞ்சின் போடுகிறவர்கள் 4 எடுங்கள்.

டியூபை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அதாவது 100 மி.மீ. பக்கம் உயரமாக. படுக்கவைத்தால் தரையிலிருந்து வண்டி இன்னும் தாழ்வாகத் தெரியும் என்று ஆசைப்பட்டுச் சிலர் படுக்கவைக்கிறார்கள். அதே டியூப், அதே எடை, ஆனால் செங்குத்து வளைவுக்கு எதிரான விறைப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். நிறுத்தினால் 112, படுக்கவைத்தால் 37 என்று கணக்கு வருகிறது, சென்டிமீட்டரின் நாலாம் அடுக்கில். தாழ்வாக வேண்டுமென்றால் பின் ஆக்ஸிலுக்கு மேலே ரெயிலைத் தூக்கி வளைத்து அமைப்பதுதான் வழி.

கடையில் கனத்தைக் காதால் கேட்டு வாங்காதீர்கள். பத்து கேஜ், பன்னிரண்டு கேஜ் என்று சொல்வார்கள். பத்து என்றால் 3.25 மி.மீ., பன்னிரண்டு என்றால் 2.64 மி.மீ. இருக்க வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெர்னியர் கொண்டுபோங்கள், ஆனால் குழாய் முனையில் அறுத்த பிசிறு இருக்கும், அதில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், அரம் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். அதைவிட நம்பிக்கையானது தராசு. 100-க்கு 50-இல் 3 மி.மீ. டியூப் ஒரு மீட்டர் சுமார் 6.6 கிலோ வரும். முழு நீளம் 6 மீட்டர் என்றால் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அதே டியூப் 2.5 என்றால் முப்பத்துமூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும். இரும்பு எடை போட்டுத்தான் விற்கிறார்கள், ஆகவே ஒரே ஒரு நீளத்தைத் தனியாகத் தராசில் வையுங்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் இரண்டாவது முறை வாங்கும்போது மூன்று நீளத்தில் ஒன்று 36 கிலோ காட்டியது, அதை வைத்துவிட்டு வேறு எடுத்தேன்.

இனி ஜி.ஐ., அதாவது துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்புக் குழாய். என் முதல் சேஸ் இதுதான். உப்புக்காற்றுக்கு ஜி.ஐ. துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது, வீட்டுத் தண்ணீர்க் குழாய் அப்படித்தானே நிற்கிறது. துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில், கொதித்து ஆவியாவது 907 டிகிரியில். இரும்பு உருகுவதற்கு வெகு முன்னாலேயே பூச்சு புகையாகிப் போய்விடும். அந்தப் புகை வெல்டுக்குள் புகுந்து ஊசி ஊசியாக ஓட்டை போடும். மூச்சில் போனால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். மெட்டல் ஃபியூம் காய்ச்சல் என்கிறார்கள், எனக்கு வந்தது, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு மலேரியா என்றே நினைத்தேன், மறுநாள் சாயங்காலம் தானாக இறங்கியது. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சு போய்விட்டது. வெளியே அதை பெயின்ட் அடித்து மூடினேன், உள்ளே மூட முடியாது, அங்கேதான் துரு தொடங்கியது. பூச்சு இருக்கிறதே என்று மெலிந்த தகட்டை வாங்கியதும் சேர்ந்துகொண்டது. சேஸ் முழுசும் கட்டி முடித்த பிறகு உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது வேறு விஷயம், அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அதற்கு ஒவ்வொரு அறைக்கும் காற்றுத் துளை விட்டிருக்க வேண்டும், மூடிய குழாயை 450 டிகிரித் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும், அந்தச் சூட்டில் சேஸ் முறுகவும் வாய்ப்புண்டு. தண்ணீர்க் குழாயில் ரோல் பார் வளைப்பவர்களையும் பார்க்கிறேன். ஒரு அங்குலக் குழாய் என்பது உள்ளே ஓடுகிற தண்ணீருக்குச் சொன்ன அளவு, வெளிவிட்டம் 33.7 மி.மீ. தலைக்கு மேலே நிற்கப்போகும் குழாய்க்கு அதை வாங்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? 304 கிரேடு நம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும், உப்பில் இருக்கும் குளோரைடு அதைக் குத்திக் குத்தித் தின்னும். 316 அதைவிடத் தாங்கும், விலையும் அப்படித்தான். எதுவானாலும் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக விரியும், அதனால் பற்றவைக்கும்போது சேஸ் திருகிக்கொள்ளும். அலுமினியம் விறைப்பில் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு. 6061 மாதிரிச் சூட்டுப் பதம் ஏற்றிய வகைகள் பற்றவைத்த இடத்தில் அந்தப் பதத்தை இழந்துவிடும், சுமார் பாதி பலம்தான் மிஞ்சும். பாடித் தகட்டுக்கு அலுமினியம் நல்லது. ஆனால் இரும்பின் மேல் நேராக உட்காரவைக்காதீர்கள், நடுவில் ரப்பர் வையுங்கள், உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

மரம் என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். ரெயிலுக்கு இல்லை, பாடியைத் தாங்கும் உள்கூடுக்கு. அந்தக் காலத்துக் கார்களில் பாடிக்கூடு மரம்தான், இங்கிலாந்தில் மோர்கன் கம்பெனி இப்போதும் ஆஷ் மரத்தில் செய்கிறது. நமக்கு அயனி இருக்கிறது, படகு கட்டும் ஓடாவிகள் வள்ளத்துக்கு எடுக்கிற மரம், உப்புத் தண்ணீர் அதற்குப் பழக்கம். என் வண்டியின் கதவுச் சட்டம் அயனிதான்.

எங்கள் பக்கம் ஆக்கர் கடை என்று சொல்லும் பழைய இரும்புக் கடையில் நல்ல சரக்கு கிடைக்கும், நானே அங்கிருந்துதான் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு தடிமனான வட்டக் குழாய் எடுத்தேன். ஆனால் என்ன இரும்பு என்று தெரியாமல் எடுக்கக்கூடாது. கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள், நிழலில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். சாதா எம்.எஸ். என்றால் பொறி நீளமாக, நேராக, முனையில் ஒன்றிரண்டு கிளையோடு போகும். கார்பன் கூடினால் பொறி குட்டையாகி, மத்தாப்பூ மாதிரி வெடித்து வெடித்துப் பூக்கும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அப்படித்தான் பூக்கும், அதை வெட்டி சஸ்பென்ஷன் பிராக்கெட்டாகப் பற்றவைக்காதீர்கள், வெல்டுக்குப் பக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கட்டடக் கம்பியும் வேண்டாம். டி.எம்.டி. கம்பி செய்யும்போது சூட்டோடு தண்ணீரில் குளிரவைத்து வெளித்தோலை மட்டும் கடினமாக்குகிறார்கள், பற்றவைத்தால் அந்தப் பதம் போய்விடும். கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டியது அது.

மெட்டீரியலைப் பற்றிச் சொல்லிவிட்டு வெல்டிங்கைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எந்த மிஷின் கையில் இருக்கிறதோ அதுதான் எந்தத் தகடு வாங்கலாம் என்பதை முடிவு செய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மிக் வெல்டிங்கில் வெல்டைக் காக்க வருகிற கேஸ் எந்த மூலைக்கு? ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலை நிற்கிற மாவட்டம் இது. உங்கள் ஷெட் மூன்று பக்கமாவது மூடியிருந்தால் மிக் போடுங்கள், 0.8 வயரில் 3 மி.மீ. தகடு அருமையாக வரும். வாசலிலோ தோப்பிலோ வைத்துச் செய்தால் கேஸ் காற்றோடு போய், வெல்டு இடியாப்பம் மாதிரி ஓட்டையாக வரும், அங்கே ராடு வெல்டிங்தான் சரி. 6013 ராடு கேட் கிரில் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் இருக்கும். அந்த ராடின் மேல்பூச்சில் முக்கியமாக இருப்பது ரூட்டைல் என்ற கனிமம், நம் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே அதுவேதான். 3 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. ராடு, 70-லிருந்து 90 ஆம்பியர். 2 மி.மீ. தகட்டில் ராடு வெல்டிங் செய்தால் புதுக்கைக்கு ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும், ஓட்டை விழுமோ என்ற பயத்தில் ஆம்பியரைக் குறைத்தால் வெல்டு மேலே உட்காரும், உள்ளே இறங்காது. நான் 3 மி.மீ. சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுக்கு 7018 நல்லது, ஆனால் திறந்து வைத்த பாக்கெட் நம் ஊர் ஈரத்தைக் குடித்துவிடும், குடித்த ராடால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் போய் விரிசல் வரும், அன்றைக்குத் திறந்ததை அன்றைக்கே போடுங்கள். வாங்கிய டியூபில் ஒரு முழம் வெட்டி, இரண்டு துண்டாக்கி டி மாதிரிப் பற்றவைத்து, வைஸில் கடித்து, சுத்தியலால் அடித்து முறியுங்கள். டியூப் கிழிய வேண்டும். வெல்டு பிரிந்து வந்தால் இன்னும் நாலு நாள் பழகிவிட்டுச் சேஸுக்கு வாருங்கள்.

கேட் வேலையில் பழகிய கை, வெல்டை கிரைண்டர் போட்டு வழவழவென்று ஆக்கப் பார்க்கும். சேஸில் அதைச் செய்யாதீர்கள், தேய்த்தது அத்தனையும் பலம். ரெயிலை இணைக்கும் இடத்தில் நேர்க்கோடாக வெட்டாமல் சாய்வாக வெட்டி இணைத்து, மேலே வைரக்கல் வடிவத்தில் ஒட்டுத் தகடு வையுங்கள். ரெயிலின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் ஓட்டை போடாதீர்கள், போல்ட் வேண்டுமானால் பக்கவாட்டில், நடு உயரத்தில், உள்ளே ஒரு சின்னக் குழாயைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்து அதன் வழியாக.

இனி உள்பக்கம். முதல் சேஸை அறுத்த அன்று குளச்சலில் இரும்புப் படகுகளுக்கு வெல்டிங் பார்க்கும் மாமா ஒருவர் வந்திருந்தார். துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, இதுக்கு மூச்சு போக எங்கயோ வழி விட்டிருக்க" என்றார். போல்ட் ஓட்டை இரண்டு திறந்திருந்தது. பகலில் சூடாகிக் காற்று வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் உப்பு ஈரத்தோடு உள்ளே இழுக்கும், தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் பார்க்கிற ஊர், கேட்கவா வேண்டும். ஆகவே ஒன்று முழுக்க அடைக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகத் திறந்துவிட்டு, தாழ்ந்த இடங்களில் வடிகால் துளை போட்டு, வருடா வருடம் உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். ரெண்டுங்கெட்டானாக விட்டால் என் கதிதான். நான் அடைத்தேன்.

அடைப்பதற்கு முன் வெளிப்பூச்சு பற்றி ஒரு வார்த்தை: ரெட் ஆக்சைடு மட்டும் இங்கே போதாது. இரும்பை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, காயவிட்டு, அப்புறம் மணல் வீசித் துருவைப் போக்கும் பிளாஸ்டிங் செய்யுங்கள், கழுவாமல் அடித்தால் உப்பு குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பனி ஈரம் காய்ந்த பிறகு காலையில் தொடங்கி, அன்று சாயங்காலத்துக்குள் ஜிங்க் பிரைமரோ எபாக்சி பிரைமரோ ஏறிவிட வேண்டும், ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

அடைக்கும் விதம் இது. ஒவ்வொரு டியூபுக்கும் முனையில் 3 மி.மீ. தகட்டு மூடி, குறுக்குச் சட்டம் சேரும் இடத்தில் முழுச் சுற்று வெல்டு, டாக் (புள்ளி வெல்டு) அடித்துவிட்டு நகரக்கூடாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஓரத்தில் 8 மி.மீ. நட் ஒன்றைப் பற்றவைத்து, அதன் வழியாக ஒரு துளை. இந்தத் துளை வேலை முடியும் வரை திறந்தே இருக்க வேண்டும். மூடிய குழாயில் கடைசி வெல்டு வைக்கும்போது உள்ளே சூடான காற்று வழி தேடி உங்கள் வெல்டைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வரும். எல்லாம் முடிந்து ஆறியதும், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், அந்த நட்டில் சைக்கிள் டியூப் வால்வை பொருத்திக் கைப்பம்பால் லேசாக நாலைந்து அடி அடியுங்கள், டயருக்கு அடிக்கிற அளவு வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பை நுரையாகக் கரைத்து, பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு வெல்டின் மேலும் தடவிக்கொண்டே போங்கள். என் இரண்டாவது சேஸில் பதினாறு மூட்டு. பதினைந்து சும்மா இருந்தது. இடது ரெயிலில் பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு அடியில், நான் குனிந்து கை எட்டாமல் பற்றவைத்த மூலையில், கடுகளவு குமிழி ஒன்று வந்தது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி வந்தது. காற்றை இறக்கிவிட்டு அந்த இடத்தை கிரைண்டரால் கீறி, 2.5 ராடில் மறுபடி வைத்து, ஆறவிட்டு, திரும்பவும் நுரை தடவினேன். வரவில்லை. ராத்திரி முழுக்கக் காற்றோடு விட்டுக் காலையில் வால்வை அழுத்திப் பார்த்தால் உஸ்ஸென்று வந்தது. அப்புறம் நட்டுக்குள் கிரீஸ் தடவிய போல்ட்டை வாஷரோடு இறுக்கி, அதன் மேல் பிரைமர் அடித்தேன்.